வாசல் கொய்யாவும் கொல்லைப் பப்பாளியும்

கோல சிலாங்கூர், சபாக் பெர்ணம் மாவட்டங்களின் தோட்டப்புறங்களில் ஆண்டு முழுவதும் கைக்கெட்டும் பழங்கள் மூன்று: வாழை, பப்பாளி, கொய்யா. மா, அன்னாசி, தர்பூசணி ஆகியவை பெரும்பாலான மாதங்களில் சந்தையில் இருக்கும். ரம்புத்தான், மங்குஸ்தான், லங்சாட், செம்படாக், டுரியான் ஆகியவை பருவத்துக்கு வருபவை. ஜூன் முதல் ஆகஸ்டு வரை அவற்றின் பெரும்பருவம்; ஆண்டுக் கடைசியில் இன்னொரு சிறுபருவம். ஆப்பிளும் ஆரஞ்சும் திராட்சையும் கடல் கடந்து வருகின்றன. ஆனாலும் நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கையில் இருப்பது ஆப்பிள்தான். கொய்யாவை யாரும் மருத்துவமனைக்கு எடுத்துப் போவதில்லை. 100 கிராம் ஆப்பிளில் உள்ள வைட்டமின் சி ஏறக்குறைய 5 மில்லிகிராம். அதே எடையுள்ள கொய்யாவில், ரகத்தைப் பொறுத்து, 100 முதல் 200 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கும். ஊர்ப் பழத்தின் மதிப்பு தெரிய இந்த ஓர் ஒப்பீடே போதும்.

இந்த வட்டாரத்து மண்ணுக்கும் தமிழருக்கும் உள்ள உறவு ரப்பரில் தொடங்கிச் செம்பனையில் தொடர்ந்தது. பத்தாங் பெர்ஜுந்தை என்று முன்பு அழைக்கப்பட்ட இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான், 1917இல், மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. நட்டவர் ஆன்ரி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயரோ தமிழ். அன்றைய லயத்து வீடுகளின் பின்பக்கத்தில் முருங்கையும் கருவேப்பிலையும் இருந்தது போலவே வாழையும் பப்பாளியும் இருந்தன. கொய்யா மரம் பிள்ளைகளுக்கு ஏறி விளையாடும் இடமாகவும் இருந்தது. பழம் என்பது காசு கொடுத்து வாங்கும் பொருளாக இருக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது குடும்பங்கள் வரிசை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. அங்கே தண்ணீரும் மின்சாரமும் தடையில்லாமல் கிடைத்தன. கொல்லைதான் இல்லாமல் போயிற்று. கொல்லையோடு அன்றாடப் பழமும் போயிற்று.

உணவில் சேராமல் விடுபடும் ஒன்று நோயைக் கொண்டுவரும் என்பதை உலகுக்குக் காட்டிய இடங்களுள் மலாயாவும் ஒன்று. 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தார். தீட்டிய வெள்ளை அரிசி உண்டவர்களிடையே பலருக்கு பெரிபெரி நோய் கண்டது. புழுங்கலரிசி உண்ட பிரிவில் புதிதாக யாருக்கும் அது வரவில்லை. தோட்டத் தமிழர்கள் வழக்கமாக உண்டது புழுங்கலரிசி. அதனால் அந்த நோய் அவர்களை அவ்வளவாகத் தீண்டவில்லை. தவிட்டோடு போகும் சிறு அளவு வைட்டமின் பி1தான் அந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்பது பிறகு தெளிவாயிற்று. பழத்தின் பயனும் இந்த வகையைச் சேர்ந்ததே. பழம் வயிற்றை நிரப்பும் உணவன்று. சோறும் குழம்பும் தராதவற்றை அது தருகிறது. வைட்டமின் சி, வைட்டமின் ஏ ஆக மாறும் மஞ்சள் சிவப்பு நிறமிகள், ஃபோலேட், பொட்டாசியம், நார்ச்சத்து ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

கொய்யாவிலிருந்து தொடங்குவது முறை. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 70 மில்லிகிராம் வைட்டமின் சி போதும் என்பது மலேசியப் பரிந்துரை. நடுத்தரக் கொய்யாவில் பாதி அதை ஈடுகட்டிவிடும். உடல் இந்தச் சத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளாது. மிஞ்சுவது சிறுநீரில் வெளியேறும். ஆகவே ஒரு நாள் ஒரு கிலோ உண்பதைவிட நாளுக்குக் கொஞ்சமாக உண்பதே பயன். பெண்களுக்குக் கொய்யா இன்னொரு வகையில் உதவுகிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் 10 பேரில் 3 பேருக்கு இரத்தச்சோகை இருந்தது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் உறிஞ்சாது. அதே வேளை உணவில் வைட்டமின் சி சேர்ந்தால் உறிஞ்சும் அளவு கூடும். உணவோடு குடிக்கும் தேநீர் அதைக் குறைக்கும். சாப்பிட்டு முடித்த கையோடு தேநீர் குடிப்பது தோட்டப்புறத்தின் நெடுநாள் பழக்கம். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து, அந்த இடத்தில் நான்கு துண்டு கொய்யா வைத்தால், முருங்கைக்கீரைக் குழம்பில் உள்ள இரும்பு வீணாகாது.

நார்ச்சத்திலும் கொய்யாவே முன்னிற்கிறது: 100 கிராமுக்கு 5 கிராம். வாழைப்பழத்தில் இரண்டரை, பப்பாளியில் இரண்டுக்குச் சற்றுக் குறைவு, தர்பூசணியில் அரை கிராம்கூட இல்லை. வளர்ந்தவருக்கு நாளுக்கு 20 முதல் 30 கிராம் நார்ச்சத்து தேவை. நார்ச்சத்து மலச்சிக்கலைத் தீர்ப்பதோடு நிற்பதில்லை. அதில் கரையும் வகை, குடலில் கூழாகி, சர்க்கரை இரத்தத்தில் ஏறும் வேகத்தைத் தணிக்கிறது. கொழுப்பின் ஒரு பகுதியை வெளியேற்றவும் உதவுகிறது. கொய்யாவைத் தோலோடு உண்ண வேண்டும். தோலைச் சீவி, விதையை வழித்தெறிந்துவிட்டு வெள்ளைச் சதையை மட்டும் உண்பது, சத்தின் ஒரு பகுதியைக் குப்பையில் போடுவதாகும்.

பப்பாளியின் சிறப்பு அதன் நிறத்தில் இருக்கிறது. சதை செம்மஞ்சளாக இருப்பதற்குக் காரணமான பீட்டா கரோட்டினை உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. கண்ணுக்கும் தோலுக்கும் நோயெதிர்ப்புக்கும் அது தேவை. காரட்டில் பீட்டா கரோட்டின் அளவு கூடுதல்தான். ஆனால் பச்சைக் காரட்டோடு ஒப்பிட்டால், பப்பாளியில் உள்ளதை உடல் ஏறக்குறைய 3 மடங்கு எளிதாக எடுத்துக்கொள்கிறது என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. சிறிது கொழுப்பு சேர்ந்தால் இன்னும் நன்று. ஆகவே உணவுக்குப் பின் உண்ணும் பப்பாளி வெறும் வயிற்றுப் பப்பாளிக்குக் குறைந்ததன்று. மலேசிய வேளாண் ஆராய்ச்சிக் கழகமான மார்டி 1987இல் வெளியிட்ட எக்சோதிகா ரகம் கைக்கு அடக்கமானது, மிகவும் தித்திப்பானது. செக்காக்கி என்ற நீண்ட ரகம் இனிப்பில் மிதமானது. வயதானவர்களுக்கும் பல் இல்லாதவர்களுக்கும் பப்பாளியைப் போல் தோதான பழம் வேறில்லை.

கர்ப்பிணிகள் பப்பாளியைத் தொடக்கூடாது என்ற அச்சம் தோட்டப்புற வீடுகளில் இன்றும் வலுவாக இருக்கிறது. அதில் பாதி உண்மை. பப்பாளிக் காயில் பால் உண்டு. அது கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடும். பழுத்த பழத்தில் அந்தப் பால் மிகவும் குறைந்துவிடுகிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் எலிகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், நன்கு பழுத்த பப்பாளி தீங்கு செய்யவில்லை. காயின் பால் கருப்பைத் தசையைச் சுருங்க வைத்தது. ஆக, கர்ப்பிணிகள் காயையும் அரைப்பழத்தையும் தவிர்ப்பது சரி. மூத்தோர் சொல்லில் இருந்த எச்சரிக்கை காயைப் பற்றியது. நாளடைவில் அது பழத்தின் மீதும் விழுந்துவிட்டது.

வாழையில் இந்த நாட்டில் கிடைக்கும் வகைகள் ஏராளம். பிசாங் மாஸ், பெராங்கான், தண்டூக், நங்கா, ராஜா என்று நீளும் பட்டியலில் ‘ரஸ்தாலி’யும் உண்டு, தமிழின் ரஸ்தாளி மலாயில் அப்படியே வாழ்கிறது. 100 கிராம் வாழைப்பழத்தில் ஏறக்குறைய 360 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. உப்பிலுள்ள சோடியம் இரத்த அழுத்தத்தை ஏற்ற, பொட்டாசியம் அதைத் தணிக்கிறது. கருவாடும் ஊறுகாயும் உப்புமீனும் தினம் சேரும் தட்டுக்கு இது வேண்டிய துணை. வாழைக்காயில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாகிறது. அதனால்தான் தோல் கறுத்துக் கனிந்த பழம் இரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றுகிறது, சற்றே கெட்டியான பழம் மெதுவாக ஏற்றுகிறது. வயிற்றுப்போக்குக்கு வாழைக்காய் வேகவைத்துக் கொடுப்பது பாட்டிமார் வைத்தியம். டாக்காவில் உள்ள அனைத்துலக வயிற்றுப்போக்கு ஆராய்ச்சி மையம், நீடித்த வயிற்றுப்போக்குள்ள குழந்தைகளுக்கு அதையே கொடுத்துப் பார்த்து, பயன் உண்டு என்று 2001இல் அறிவித்தது. மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்த பிசாங் கோரேங்கை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். செக்கின்சான் சாலையோரக் கடைகளில் அடுக்கியிருக்கும் பெரிய மாம்பழங்கள் பப்பாளியைப் போலவே வைட்டமின் ஏ தருபவை; சர்க்கரை அதைவிட ஏறக்குறைய இரு மடங்கு. ஒரு முழுப் பழத்தை ஒருவரே உண்பது மிகை. மூன்று நான்கு பேருக்குப் பகிர்ந்தால் அளவு சரியாகும். அன்னாசி இந்தக் கரையோரக் கரிமண்ணில் நன்றாக விளையும் பயிர். அதன் புரோமெலின் என்ற நொதி புரதத்தைச் சிதைப்பது. நாக்கு அரிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உணவைச் செரிக்க அது பெரிய உதவி செய்யும் என்று சொல்லப்படுவது மிகைதான், ஏனெனில் அந்த நொதி மிகுந்திருப்பது நாம் தின்னாத தண்டுப் பகுதியில். தர்பூசணியில் 92 விழுக்காடு தண்ணீர். வெயிலில் வேலை செய்துவிட்டு வருபவருக்கு அது நீரையும் சிறிது பொட்டாசியத்தையும், சிவப்பு நிறமியான லைகோப்பீனையும் தருகிறது. குளிர்பானப் புட்டிக்கு மாற்றாக அதைவிட எளியது இல்லை.

டுரியான் தனியாகப் பேசவேண்டிய பழம். அதைத் தின்றால் கொலஸ்ட்ரால் ஏறும் என்று பலர் அஞ்சுகிறார்கள். செடிகொடிகளில் விளையும் எந்தப் பொருளிலும் கொலஸ்ட்ரால் கணக்கில் கொள்ளும் அளவுக்கு இல்லை. டுரியானின் சிக்கல் வேறு. அதன் சதை 100 கிராமில் ஏறக்குறைய 147 கலோரி. வெந்த சோற்றில் 130 கலோரி. அதாவது டுரியான், எடைக்கு எடை, சோற்றைவிடக் கனமான உணவு. பருவத்தில் நால்வர் உட்கார்ந்து ஐந்தாறு பழங்களைப் பிளக்கும்போது, ஒவ்வொருவரும் ஒரு வேளைச் சோற்றுக்கு மேல் உண்டுவிட்டுத்தான் எழுகிறார்கள். பிறகு வழக்கமான இரவு உணவும் உள்ளே போகிறது. டுரியான் உண்ணும் நாளில் சோற்றைக் குறைத்துக்கொண்டால் அந்தப் பழத்தோடு பகை இல்லை. அதில் நார்ச்சத்தும் பொட்டாசியமும் நிறைய உண்டு. மதுவோடு சேர்க்காமல் இருப்பது நல்லது. மதுவை உடலில் முறிக்கும் நொதியை டுரியான் சாறு தடுக்கிறது என்று ஜப்பானின் சுக்குபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். ரம்புத்தானும் லங்சாட்டும் அவ்வளவு கனமில்லை. ஆனால் கொத்தோடு மடியில் வைத்துக்கொண்டு பேச்சு வாக்கில் தின்னும்போது எண்ணிக்கை தெரியாது.

இனிப்பு நீர் நோய்தான் இந்த வட்டாரத் தமிழ்க் குடும்பங்களின் பெருங்கவலை. 2019ஆம் ஆண்டு ஆய்வில் மலேசிய மக்களில் வளர்ந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. பத்தில் மூவர். நோய் கண்டதும் பல வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது பழம். ‘இனிப்பு கூடாது’ என்பதைப் பழம் கூடாது என்று புரிந்துகொள்கிறார்கள். அதே வீட்டில் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் நாளுக்கு மூன்று கோப்பை போகிறது. கெட்டிப்பாலின் எடையில் பாதிக்கு மேல் இனிப்புதான். 100 கிராம் கொய்யாவில் சர்க்கரை 9 கிராம். நார்ச்சத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கும் சர்க்கரை அது. ஒரு டின் கோலாவிலோ 30 கிராமுக்கு மேல், தடுப்பதற்கு நார் எதுவும் இல்லாமல்.

இதற்கு ஆய்வுச் சான்றும் வலுவாக இருக்கிறது. சீனாவில் ஏறக்குறைய 5 லட்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவுகள் 2017இல் வெளிவந்தன. நாள்தோறும் பழம் உண்டவர்களுக்கு, உண்ணாதவர்களைவிட, நீரிழிவு வரும் வாய்ப்பு 12 விழுக்காடு குறைவாக இருந்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களிலும், வாரத்தில் 3 நாளுக்கு மேல் பழம் உண்டவர்கள் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடு குறைவு. பழம் உண்பவர்கள் வேறு நல்ல பழக்கங்களும் உடையவர்களாக இருக்கலாம் என்பதால், இந்தப் பலன் முழுவதும் பழத்தால் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. பழம் நீரிழிவு நோயாளியின் எதிரி என்ற எண்ணத்துக்கு மட்டும் அதில் இடமே இல்லை. நீரிழிவு உள்ளவர் ஒரு வேளைக்கு அரைக் கொய்யா, அல்லது ஒரு கீற்றுப் பப்பாளி, அல்லது ஒரு சிறு வாழைப்பழம் உண்ணலாம். மூன்றையும் ஒரே வேளையில் உண்பதுதான் தவறு.

பழச்சாறு வேறு கதை. 2013இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 1,87,382 பேரின் தரவுகளை ஆராய்ந்தபோது, முழுப்பழம் நீரிழிவு வாய்ப்பைக் குறைத்தது, பழச்சாறு கூட்டியது. ஒரு குவளை ஆரஞ்சுச் சாற்றுக்கு மூன்று பழம் பிழிய வேண்டும். நார் வடிகட்டியில் தங்கிவிட, சர்க்கரை குவளைக்கு வந்துவிடுகிறது. கடைகளில் அதற்கு மேல் சீனிப்பாகும் சேர்க்கிறார்கள். பாசார் மாலாமில் வெட்டி விற்கும் கொய்யாவோடும் அன்னாசியோடும் வரும் ஆசாம் போய் பொடியையும் இங்கே சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் உப்பும் சீனியும். இரத்த அழுத்தம் உள்ளவர் அதைத் தொடாமல் பழத்தை மட்டும் உண்பது நல்லது.

பழமே தீங்காகும் நிலையும் உண்டு. அதை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீரிழிவு முற்றிய பலருக்குச் சிறுநீரகம் பழுதாகிறது. சிறுநீரகம் பழுதானவர் நட்சத்திரப் பழத்தை, அதாவது பிளிம்பிங்கை, ஒரு துண்டுகூட உண்ணக்கூடாது. அதிலுள்ள நச்சுப்பொருளை நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. விடாத விக்கல், குழப்பம், வலிப்பு என்று முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். அதே நோயாளிகளுக்கு வாழை, டுரியான், இளநீர் ஆகியவற்றின் பொட்டாசியமும் இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பைக் குலைக்கும். மற்றவர்களுக்கு நன்மை செய்யும் அதே பொட்டாசியம் இவர்களுக்கு நஞ்சு. டயாலிசிஸ் செய்துகொள்பவர் எந்தப் பழம், எவ்வளவு என்பதைச் சிகிச்சை மையத்தில் கேட்டே உண்ண வேண்டும். பம்பளிமாஸ் வகைப் பழங்கள் கொலஸ்ட்ரால், இரத்த அழுத்த மாத்திரைகள் சிலவற்றின் வேலையை மாற்றிவிடுவதால், அந்த மாத்திரைகளை உண்பவர்கள் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

மலேசியச் சுகாதார அமைச்சின் ‘சுக்கு சுக்கு செபாரோ’ தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், இறைச்சி, பருப்பு. மீதிப் பாதி காய்கறியும் பழமும். பழம் நாளுக்கு இரண்டு பங்கு. ஒரு வாழைப்பழமும் அரைக் கொய்யாவும் அந்தக் கணக்கை முடித்துவிடும். அதற்குத் தினமும் சந்தைக்குப் போக வேண்டியதில்லை. ஆயினும் 2019 ஆய்வில், காய்கறியும் பழமும் போதிய அளவு உண்ணாதவர்கள் வளர்ந்தோரில் 94.9 விழுக்காடு. விலை ஒரு காரணம் என்றால், அது இறக்குமதிப் பழத்தின் விலை. பப்பாளியும் பெராங்கானும் பெரும்பாலும் ஆப்பிளைவிட மலிவாகவே கிடைக்கின்றன.

கொல்லை இல்லாத வீட்டிலும் பழம் விளையும். வரிசை வீட்டின் முன்னால் இரண்டடி மண் இருந்தால் பப்பாளிக்குப் போதும். ஒட்டுக் கொய்யா பெரிய தொட்டியிலேயே காய்க்கும். பழத்தை அறுக்கும் முன் ஓடும் தண்ணீரில் கழுவவும், ஏனெனில் தோலில் இருக்கும் அழுக்கைக் கத்தி சதைக்குள் கொண்டுபோகும். அறுத்த துண்டுகளைத் திறந்து வைக்காதீர்கள். பிள்ளைகளின் பள்ளிப் பையில் பிஸ்கட் பொட்டலத்துக்குப் பதில் ஒரு பிசாங் மாஸ் வையுங்கள். அடுத்த முறை நன்றாகப் பழுத்த பப்பாளி வாங்கும்போது விதைகளை எறியாமல் நிழலில் உலர்த்தி நடுங்கள். நல்ல மண்ணும் வடிகாலும் இருந்தால் எட்டு முதல் பத்து மாதத்தில் முதல் பழத்தைப் பறிக்கலாம்.